ஆனைக்கு ஒரு வேலி, ஆளுக்கு ஓர் எல்லைக்கல்

பாரிஸ் மாநகரின் வடபுறத்திலே, கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி, தூண்களின்மேல் உயர்ந்தோடும் இரண்டாம் இலக்க மெத்ரோவின் நிழல் விழுகின்ற சந்தியைச் சுற்றிப் பரந்திருக்கிறது, நம்மவர்கள் லாச்சப்பல் என்று வாய்நிறைய அழைக்கும் பகுதி. ஆகஸ்டு மாதக் கடைசியிலோ செப்டம்பர்த் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போகிறவர்கள், யானைமுகப் பெருமான் தேரேறி வீதிவலம் வருவதையும், காவடிகளும் கற்பூரச்சட்டி தாங்கிய பெண்களும் முன்செல்ல ஜனங்கள் வடம்பிடித்து இழுப்பதையும், குவியல் குவியலாக அடுக்கிவைத்த தேங்காய்கள் பிரெஞ்சு நகரத்தின் தார் வீதியிலே அடிபட்டுச் சிதறுவதையும் காணலாம். 1985ஆம் ஆண்டில் தோன்றி, இப்பொழுது பஜோல் வீதி 17ஆம் இலக்கத்தில் விளங்கும் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்தார் 1996 முதல் நடத்திவரும் உற்சவம் அது. அந்த ஒரு நாள் மாத்திரமன்று. வருஷம் முழுவதும் லாச்சப்பலின் புடைவைக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் நகைக் கடையிலும் கல்லாவுக்கு மேலே யானைமுகம் வீற்றிருக்கிறது.

வேடிக்கை பார்க்கத் திரளும் பிரெஞ்சு ஜனங்களுள் விஷயமறிந்த ஒருவருக்கு ஒரு சந்தேகம் எழுமானால், அது நியாயமான சந்தேகமே. இத்தனை பக்தியோடு யானைமுகத்தை இழுத்துச்செல்லும் இவர்களிற் பெரும்பாலோர் வந்த இலங்கைத் தீவிலே, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,879 காட்டு யானைகள் இருந்தன; அதே தீவில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கு மேற்பட்ட யானைகளும், 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டுபோனார்கள். இதற்குத் தந்தம் காரணமன்று, ஏனெனில் இலங்கையின் ஆண் யானைகளுள் தந்தமுடையவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வயலும் வாழைத்தோட்டமும் நெல் அடுக்கிய வீடுமே காரணம். துப்பாக்கியாலும், மின்சாரம் பாய்ச்சிய கம்பியாலும், பன்றிக்கென்று தீனிக்குள் பொதிந்துவைத்த வெடியை யானை கடித்துத் தாடை சிதைவதாலும் இந்த மரணங்கள் பல நேர்கின்றன.

தேரையும் இந்தக் கணக்கையும் ஒருங்கே வைத்து நோக்குகிறவர், பக்தியே பொய்யோ என்று ஐயுறுதல் கூடும். அது பொய்யன்று. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு யானையிடத்தில் உள்ளது பக்தியென்றோ பகையென்றோ ஒரு சொல்லில் அடக்கத்தக்க உணர்ச்சியன்று. அது தலைமுறை தலைமுறையாகப் பயின்ற ஒரு நடைமுறை. யானைக்கும் மரத்துக்கும் எல்லை வகுத்துச் சட்டம் செய்தவர்கள் அந்த நடைமுறையை அவனிடத்தில் கேட்டறியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையின் வடபுறத்துக் காட்டுப் பிரதேசமாகிய வன்னிக்குப் போவதற்கு முன்னால், பாரிஸ் நகரத்தில் வாழ்ந்த இலங்கை யானைகள் இரண்டின் விருத்தாந்தத்தைச் சொல்லாமற் போக மனம் ஒப்பவில்லை. கார் து நோரில் ஐந்தாம் இலக்க மெத்ரோவில் ஏறி ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் இறங்கினால், ழார்தேன் தே பிளாந்த் என்னும் பழைய தாவரத் தோட்டம் வரும். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இலங்கையிலிருந்து கொண்டுபோய் ஒல்லாந்து ஆட்சித் தலைவருக்குக் காணிக்கையாக்கிய ஹான்ஸ், பார்க்கி என்ற ஆணும் பெண்ணுமான இரண்டு யானைகளை, அந்நாட்டைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் புரட்சிச் சேனை யுத்தக் கொள்ளைப் பொருளாக எடுத்துக்கொண்டது. 1798ஆம் ஆண்டில் அவை இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவ்வருஷம் மே மாதம் 29ஆம் தேதி, சங்கீத வித்துவான்கள் பலர் கூடி அவ்விரண்டு பிராணிகளுக்கும் கச்சேரி செய்து, எந்த ராகத்துக்கு எப்படி அசைகின்றன என்று குறிப்பெடுத்தார்கள். ஹான்ஸ் 1802இல் இறந்தது. யுத்தத்தின் காரணமாக ஊரைவிட்டுப் பாரிஸுக்கு வந்த இலங்கையர் வரிசையில் அவ்விருவரையும் முதலிடத்தில் வைக்கலாம் என்று லாச்சப்பல் தேநீர்க்கடையில் யாரேனும் பரிகாசமாகச் சொன்னால், நான் மறுக்கமாட்டேன். யானைக்குக் கச்சேரி வைத்த இதே நகரத்தார், 1870இல் பிரஷியப் படை முற்றுகையிட்டிருந்த பனிக்காலத்தில், காஸ்தோர், பொலுக்ஸ் என்ற வேறு இரண்டு யானைகளைக் கொன்று இறைச்சியாக விற்றார்கள். பசித்தவன் தின்றான் என்று சொல்வதற்கும் இல்லை. அவ்வளவு விலை கொடுக்கப் பணமிருந்தவனே தின்றான். யானையிடத்தில் அன்பும் கொடுமையும் ஒரே ஊரில் குடியிருத்தல் வன்னிக்கு மாத்திரம் உரிய விசித்திரமன்று என்பதற்கே இவற்றைப் பிரஸ்தாபித்தேன்.

இனி வன்னி. கண்டி வீதியில் யாழ்ப்பாணத்தை நோக்கிப் போகும் வாகனம் எதுவாயினும் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பிரயாணிகள் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு ஏறுவார்கள். இப்பொழுது அது வழிப்பிரயாணத்தின் ஓர் இனிய சம்பிரதாயம். வீதி ஒற்றையடிப் பாதையாகவும் இருமருங்கும் பெருங்காடாகவும் இருந்த காலத்தில், அந்தத் தேங்காய் யானைக்கு அஞ்சினவனின் விண்ணப்பமாக இருந்தது. தேங்காய் இல்லாதவன் ஒரு கொப்பை இலையோடு முறித்து, பாதையோரத்துப் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ தொங்கவிட்டு நடந்தான். இலங்கை நீர்ப்பாசன இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909இல் வெளியான தமது நூலில், காட்டுவழித் தெய்வங்களைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். கொப்பு முறித்துத் தொங்கவிடும் அவ்வழக்கம் வன்னித் தமிழருக்கும் வடமத்திய மாகாணத்துச் சிங்களவருக்கும் பொதுவானது. யானைக்கு அதிபதியான தெய்வத்துக்கு மரத்தின் கிளையே காணிக்கை.

பக்தி இருந்த இடத்தில் சாமர்த்தியமும் இருந்தது. வன்னியின் சிற்றரசர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கட்டினார்கள். அவை ஆனையிறவுக் கடலேரியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று, ஊர்காவற்றுறையில் கப்பலேறி, கோல்கொண்டா, வங்காள வியாபாரிகளின் கைக்குப் போயின. ஆண்பிள்ளைகள் கட்டமாட்டாது விட்ட மதயானையைத் தனியே கட்டிக்கொணர்ந்த அரியாத்தை என்ற வீரப்பெண்ணின் கதை இன்றும் அப்பிரதேசத்தில் கூத்தாக நடிக்கப்படுகிறது. யானையை அறிந்தவர்கள் அதனை ஒரே வகுப்பாகக் கருதினதும் இல்லை. குட்டிகளோடு கூட்டமாக வருவது தண்ணீருக்கு வருகிறது, வழிவிட்டால் போய்விடும் என்பார்கள். தந்தமில்லாத அலியன் எப்படி நடப்பான், கொம்பன் எப்படி நடப்பான் என்று பேதம் சொல்வார்கள். தனியனைக் கண்டால் மாத்திரம் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்த அறிவைப் பொருட்படுத்தாத ராஜாங்கம் ஒன்று பின்னர் வந்தது. பிரிட்டிஷ் சர்க்கார், பயிருக்குச் சத்துரு என்று யானைத் தலைக்கு விலை வைத்தார்கள். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன என்று, அக்காலத்தில் கொழும்பில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். இன்று தீவு முழுவதும் உள்ள தொகையோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சர்க்கார் 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் செய்து, காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்கே சொந்தம் என்று விதித்தார்கள். நிரூபிக்க வேண்டிய பொறுப்புக் குடியானவன் தலையில் விழுந்தது. 1885இல் வனச்சட்டம், 1907இல் இன்னொன்று, 1937இல் வனவிலங்குச் சட்டம், 1938இல் வில்பத்தும் யாலவும் தேசியப் பூங்காக்கள் என்று வரிசையாக வந்தவை, சுட்டுத் தள்ளியவர்களின் வாரிசுகள் காக்கப் புறப்பட்ட கதையே. சுட்ட காலத்திலும் சரி, காத்த காலத்திலும் சரி, குடியானவனுடைய அபிப்பிராயத்தை எவரும் கேட்டதில்லை.

உள்நாட்டுப் போர் அந்தக் கதையை வேறொரு திக்கில் திருப்பிவிட்டது. லாச்சப்பலில் இன்று நரைத்த தலையோடு நடமாடுகின்றவர்களுள் வன்னியைச் சேர்ந்தவர்கள், ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்கும், அதை விட்டுப் பிறிதோர் ஊருக்குமாக ஓடி, கடைசியில் கடல் கடந்தவர்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்து எஞ்சியவர்கள் திரும்பிப் போனபொழுது, பல கிராமங்களில் வளவுக்குள் மரம் எழுந்திருந்தது. குளக்கட்டு உடைந்து, வயலில் நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும் அடர்ந்திருந்தன. மனிதர் விட்டுப்போன நிலத்துக்கு யானை வந்து சேர்ந்திருந்தது. வராமலிருந்தால்தான் ஆச்சரியம், ஏனெனில் பெருமரக் காட்டைவிடப் பற்றைக்காட்டிலும், காடு வெட்டிப் பயிரிட்டு விட்ட பழைய சேனை நிலத்திலும்தான் அதற்குத் தீனி அதிகம். பின்பு, ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தே, பச்சையாகத் தெரிந்த இடமெல்லாம் காடென்று வன இலாகாவார் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள் என்பது வன்னி ஜனங்களின் முறைப்பாடு. பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பலதரம் ஒலித்த முறைப்பாடு அது. 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதிப் பிரதேசமும் தேசியப் பூங்காக்களாக உயர்த்தப்பட்டன. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகளின் சரணாலயம்.

இந்த விஷயத்தில் என் மனத்தை மிகவும் தைப்பது ஒன்றுண்டு. சாதாரணமாக ஓரிடத்தில் காடு வளர்ந்திருக்கிறது என்றால் அங்கே மனிதன் நெடுங்காலம் இல்லை என்று பொருள் கொள்ளுகிறோம். வன்னியில் சில இடங்களில் வளர்ந்திருக்கும் காட்டுக்கு வயது, அங்கிருந்தவர்கள் துரத்தப்பட்ட வருஷத்திலிருந்து தொடங்குகிறது. அந்த மரத்தின் சுற்றளவைக் கொண்டு அகதியின் பிரவாச காலத்தை அளந்துவிடலாம். அப்படிப்பட்ட மரத்தைச் சுட்டி, இங்கே நீ ஒருபோதும் இருந்ததில்லை என்று ஒருவனிடம் சொல்லுவது கொடுமையிலும் கொடுமை.

இலாகாவின் பக்ஷத்திலும் நியாயம் இல்லாமலில்லை. போர் ஓய்ந்த பிறகு முதிரையும் பாலையும் இரவோடிரவாக வெட்டி லொறியில் ஏற்றப்பட்டதையும், ஆற்று மணலை அள்ளினவர்கள் கரைமரங்களை வேரோடு சாய்த்ததையும் கிராமத்தவர்களே முதலில் எடுத்துச் சொல்லுவார்கள். மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு விவாதமே கிடையாது. பாலைப்பழம் உதிரும் காலத்தில் கரடிக்கு அஞ்சி அஞ்சிப் பழம் பொறுக்கிய பிள்ளைகள் அவர்கள். வீரைப்பழத்தின் ருசியைப் பாரிஸின் பழக்கடை வாசலில் நின்று நினைத்துக்கொள்ளுகிறவர்கள். விளாமரம் எங்கே நிற்கிறதோ அங்கே யானை வரும், யானையின் இலத்தி எங்கே விழுகிறதோ அங்கே விளாங்கன்று முளைக்கும் என்ற சக்கரத்தை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள். கருங்காலியும் முதிரையும் தமக்கு வீடு கட்ட ஒரு வளை, உழுவதற்கு ஒரு கலப்பை என்ற அளவில் வேண்டும் என்பார்கள். இலாகா நிரை நிரையாக நட்ட தேக்கந்தோப்பைக் காட்டினாலோ, பழமும் இல்லை, நிழலும் இல்லை, இதற்குக் காடென்று பேரா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று 1951இலேயே சட்டம் உண்டு. அதன்மேல் அவர்களுக்குக் கோபமில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் கூட்டம் கூட்டமாகத் தறிக்கப்பட்டபொழுது அந்தச் சட்டத்தை எவரும் எடுத்துக்காட்டவில்லை என்பதில்தான் கோபம்.

யானை வேலியைப் பற்றிய அபிப்பிராயமும் இத்தகையதே. மின்சார வேலி வேண்டாம் என்று சொல்லும் விவசாயி இல்லை. வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதில்தான் வழக்கு. இலங்கையில் நெடுங்காலமாக வேலியானது வனவிலங்கு இலாகாவின் நிலம் முடிந்து வன இலாகாவின் நிலம் தொடங்குகின்ற இடத்தில், அதாவது காட்டின் நடுவிலே, இரு பக்கமும் யானை நிற்கும்படியாகக் கட்டப்பட்டுவந்தது. இரண்டு காரியாலயங்களின் எல்லையை யானை எப்படி அறியும்? யானைகளில் மிகப் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட பூங்காக்களுக்கு வெளியேயும் சஞ்சரிப்பவை என்று பிருதிவிராஜ் பெர்னாண்டோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டி பூட்டிப் பின்தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாகத் துரத்திப் பூங்காவுக்குள் அடைத்த யானைகள் உள்ளே தீனியின்றி மெலிந்ததையும், துரத்தலுக்கு அகப்படாத ஆண் யானைகள் முன்னிலும் மூர்க்கம் கொண்டதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெர்னாண்டோவின் தலைமையில் அமைந்த குழு 2020இல் அரசாங்கத்திடம் கொடுத்த தேசியத் திட்டம், வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடுக என்று சொல்லிற்று. அதன்படி வயல் வேலியை விவசாயிகளின் சங்கமே விதைப்புக் காலத்தில் கட்டி, தானே காவல் காத்து, அறுவடை முடிந்தவுடன் கழற்றிவிடும்; ஒட்டை மேய்ந்துகொள்ள யானை வரும்; அடுத்த மழைக்கு வேலி மறுபடியும் எழும். பரணில் கண்விழித்துக் கிடந்த பாட்டன்மார் செய்ததும் இதுவேயன்றோ? பயிர் நிற்கும் வரையில் நிலம் மனிதனுடையது, பின்பு யானையுடையது என்ற பழைய ஒப்பந்தத்தை விஞ்ஞானம் சுற்றிவந்து கண்டுபிடித்திருக்கிறது.

இந்த வழக்குப் பிரெஞ்சு தேசத்துக்குப் புதியதன்று. 1827இல் பாரிஸில் இயற்றப்பட்ட வனச்சட்டம், மலைநாட்டுக் குடியானவர்கள் காட்டில் ஆடுமாடு மேய்ப்பதையும் விறகு எடுப்பதையும் ஒடுக்கியபொழுது, தெற்கே பிரெனே மலைச்சாரலில் அரியேழ் பிரதேசத்து ஆடவர்கள் பெண்களைப்போல நீண்ட வெள்ளை அங்கி உடுத்து, முகத்தில் கரி பூசி, இரவில் வனக்காவலர்களை விரட்டினார்கள். 1829 தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நடந்த அக்கலகத்தைப் பெண்களின் யுத்தம் என்றே சரித்திரத்தில் எழுதினார்கள். பாரிஸுக்கு அருகே போந்தேன்புளோ காட்டில் நடந்தது இன்னும் ரசமானது. பார்பிசோன் கிராமத்தில் தங்கிச் சித்திரம் தீட்டிய தெயோதோர் ரூசோ முதலியோர், முதிய ஓக் மரங்களை இலாகா வெட்டுவதையும் அவ்விடத்தில் பைன் கன்றுகளை நடுவதையும் சகிக்காமல் கிளர்ச்சி செய்தார்கள். சித்திரக்காரர்களுக்காக 1853இல் 624 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது; 1861இல் மூன்றாம் நெப்போலியனின் கட்டளையால் அது 1,097 ஹெக்டேராயிற்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் பதினொரு ஆண்டு முந்தியது இது. அதே பார்பிசோனில் இருந்த மில்லே, அதே காட்டில் சுள்ளி பொறுக்கிச் சுமந்துவந்த ஏழைப் பெண்களின் முதுகைச் சித்திரமாக்கினார். மரத்தைப் பார்க்க வந்தவனின் குரல் சக்கரவர்த்தியின் காதுக்கு எட்டிற்று. மரத்தைச் சுமந்தவளின் குரல் எட்டவில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1824இல் நான்ஸி நகரத்தில் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வனக்கல்லூரிக்கு, 1860களின் பிற்பகுதி தொடங்கி 1880களின் நடுப்பகுதி வரையில், இந்தியாவின் வன உத்தியோகத்துக்குத் தேர்ந்த ஆங்கில வாலிபர்கள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். 1882இன் சென்னை வனச்சட்டம் வந்தது அந்தக் காலத்தில்தான். அரியேழ் மேய்ப்பனைக் காட்டுக்கு வெளியே நிறுத்திய வித்தை, கப்பலேறி நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் போயிற்று என்றால் மிகையாகாது. ஆதிகுடிகளின் உரிமையை ஏற்று 2006இல் இந்தியா தனிச்சட்டம் செய்தது. இலங்கையில் அதற்கு ஈடான சட்டம் இல்லை.

ஆகவே, லாச்சப்பல் வாசகர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உணவகத்துச் சமையற்கட்டில் முப்பது வருஷம் நின்றவர்களும், நகரத்து மண்டபங்களைத் துடைத்து மெழுகிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுமான உங்களிற் பலருடைய வீட்டு அலமாரியில் ஒரு பழைய பெட்டி இருக்கும். அதனுள்ளே காணி உறுதியோ, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் தகப்பனாருக்குக் கிடைத்த பெர்மிட்டோ, வரிச்சீட்டோ, நெல்லை விற்ற ரசீதோ, வீட்டு வாசலில் மாமரத்தின் கீழ் நின்று எடுத்த கலியாணப் படமோ கிடக்கலாம். எல்லைக்கல்லுக்கு எதிரே ஊரவன் காட்டத்தக்க சாட்சியங்கள் இவையே. இவற்றிற் பெரும்பகுதி போரில் எரிந்துபோயிற்று, மிஞ்சியவற்றில் ஒரு பகுதி இங்கே உறங்குகிறது. அவற்றைப் பிரதியெடுத்துக் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அங்குள்ள உறவினர் மூலம் அனுப்புங்கள். தாளே இல்லாதவர்கள், உயிரோடிருக்கும் முதியவர்களை உட்காரவைத்து, ஊரின் சிறுகுளங்களின் பெயரையும், கோயில் மரம் எது, சுடலை எது, சேனை வெட்டிய மேடு எது என்பதையும், எந்த வருஷத்தில் எவரெவர் குடியிருந்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். தேருக்கு அள்ளிக்கொடுக்கும் கையால், ஊர் விவசாயச் சங்கத்தின் வயல் வேலிக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஊரின் வரைபடத்தை எழுதும்பொழுது, ஆனை குளத்துக்கு இறங்கிய பாதை எதுவோ, அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.